சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி

எங்கள் ரோசிக்கு எட்டு வயது. நாட்டு நாய், செவலை நிறம், இரண்டு ஈத்து போட்டவள். போன தை மாதம், சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் வாசலுக்கு வந்திருந்த நேரம். ஒரு மத்தியானம் திண்ணையில் அவளைப் படுக்க வைத்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் நாலாவது காம்புக்குப் பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. உண்ணி என்று கிள்ளப் போனால் கையில் வரவில்லை. தோலுக்கு அடியில் இருந்தது. சுண்டைக்காய் அளவு, கெட்டி, விரலால் தள்ளினால் லேசாக நகர்ந்தது. அழுத்தியபோதும் ரோசி தலையைத் தூக்கவில்லை. வலி இல்லை. வலிக்காத கட்டி ஒன்றும் செய்யாது என்றுதான் அன்றைக்கு நான் நம்பினேன்.

நான் தையல் வேலை செய்கிறவள். டேப் எப்போதும் கழுத்தில் கிடக்கும். அளந்து பார்த்தேன், ஒரு சென்டிமீட்டர். பால் கணக்கு எழுதும் காலண்டரில் அன்றைய கட்டத்தில் 1 என்று எழுதி வட்டம் போட்டு வைத்தேன்.

பக்கத்து ஊரில் ஒருவரிடம் காட்டினோம். தொட்டுப் பார்த்தார். "கொழுப்புக் கட்டிம்மா. வயசானா வரும். பெருசானா பார்த்துக்கலாம்" என்றார். ஊசி குத்தி எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, மனம் லேசாகித் திரும்பிவிட்டோம். அவர்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. கொழுப்பா புற்றா என்பதைக் கையால் தொட்டு மட்டும் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மாசிக் கடைசியில் அளந்தபோது இரண்டு. ஆறு வாரத்தில் இரண்டு மடங்கு. காலண்டரை மாமியாரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாமனார் காலத்து வண்டிமாடு ஒன்றைப் பற்றிச் சொன்னார். "தலையைத் தலையை ஆட்டுச்சு. ஈ மொய்க்குதுன்னு நெனைச்சோம். அப்புறம் ஒரு மூக்குல ரத்தம் வந்துச்சு. கொம்பு சாஞ்சு தொங்குனப்பதான் டாக்டருக்கு ஆள் விட்டோம்." கொம்புப் புற்று. நம் நாட்டு மாடுகளுக்கு, அதிலும் உழவுக்கும் வண்டிக்கும் கட்டுகிற காளைகளுக்கு வருகிற நோய். ஆரம்பத்திலேயே கண்டால் கொம்பை அடியோடு எடுத்து மாட்டைக் காப்பாற்ற வழி உண்டு. அந்த மாடு போய்ச் சேர்ந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. "நாளைக்கே தூக்கிட்டுப் போ" என்றார்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஒரத்தநாட்டில் 2012-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன்னால் இப்படி ஒன்று என்றால் நாமக்கல்லுக்கோ சென்னை வேப்பேரிக்கோதான் ஓட வேண்டும். ஊர்க்காரர்கள் அதைப் பெரிய மாட்டாஸ்பத்திரி என்பார்கள். காலையிலேயே ஆட்டோ பிடித்து ரோசியை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா காலண்டர் தாளைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். தேதியோடு அளவு எழுதி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை அதை வைத்தே சொல்லிவிட்டார். அப்புறம் ரோசியை மல்லாக்கப் படுக்க வைத்தார். நான் காட்டிய இடத்துக்கு நேராகப் போகவில்லை. அக்குளில் ஆரம்பித்தார். ஒரு பக்கம் ஐந்து, இரு பக்கமும் பத்துப் பால் சுரப்பிகள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கல் இருக்கிறதா என்று அரிசியைத் தடவிப் பார்ப்பதுபோல் மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தார். இடது ஐந்தாவதில் விரல் நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். அரிசி அளவில் இன்னொன்று! ஆறு வாரமாகத் தடவிக்கொண்டிருந்த எனக்கு அது தட்டுப்படவே இல்லை. கடைசியாகத் தொடை இடுக்கில் நெறி (நிணநீர் முடிச்சு) கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.

கேள்விகள் நிறைய. கருத்தடை செய்தீர்களா? இல்லை. பருவத்துக்கு வராமலிருக்க ஊசி ஏதாவது? "ரெண்டு தடவை போட்டோம் டாக்டர்." அந்த ஹார்மோன் ஊசி பால் சுரப்பிக் கட்டிக்கான ஆபத்தைக் கூட்டும் என்று அவர் திட்டாமல், நிதானமாகச் சொன்னார். எனக்குத்தான் அங்கேயே அழுகை வந்துவிட்டது. குட்டிகளை ரோட்டில் விட மனசு வராமல்தான் அந்த ஊசியைப் போட்டோம். முதல் பருவத்துக்கு முன்னாலேயே கருத்தடை செய்துவிட்டால் இந்தக் கட்டி வருகிற வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுமாம். ஒவ்வொரு பருவம் கடக்கும்போதும் அந்தப் பலனும் தேய்ந்துகொண்டே போகும். 'ஒரு ஈத்தாவது போடட்டும், அதுதான் உடம்புக்கு நல்லது' என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள், நானும் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது தவறு.

ஊசிப் பரிசோதனைக்கு மயக்க மருந்தெல்லாம் வேண்டியிருக்கவில்லை. சாதாரண ஊசியைக் கட்டிக்குள் விட்டு, கொஞ்சம் உறிஞ்சி, கண்ணாடி ஸ்லைடில் தடவிச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அதற்குள் ரோசி இரண்டு பிஸ்கட் தின்று முடித்திருந்தாள். கொழுப்பு இல்லை, சுரப்பி செல்கள்தான் என்று தெரிந்துவிட்டது. தை மாதமே இதைச் செய்திருக்கலாம். ஆனால் நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்பதை, கட்டியை முழுசாக எடுத்து அறுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். பெண் நாய்க்கு வருகிற இந்தக் கட்டிகளில் ஏறத்தாழப் பாதி கெட்டது. பூனை என்றால் பத்தில் எட்டுக்கு மேல் கெட்டதாகத்தான் இருக்குமாம்.

அன்றைக்கே நெஞ்சு எக்ஸ்ரே. வயிற்றில் கட்டி இருக்க நெஞ்சுக்கு எதற்கு என்று கேட்டேன். இது பரவினால் பெரும்பாலும் நெறிக்கும் நுரையீரலுக்கும்தான் போகும் என்றார். வலது பக்கம், இடது பக்கம், மல்லாக்க என்று மூன்று படம். ஒரே படத்தில் சின்னப் புள்ளி மறைந்துவிடலாம். நுரையீரல் சுத்தமாக இருந்தது. அடுத்த வாரமே ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரத்தப் பரிசோதனை அதைத் தள்ளிப் போட்டது. தட்டணுக்கள் 72,000. இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். இப்படியே கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது. காரணம் உண்ணிக் காய்ச்சல். ரோசி நன்றாகத்தான் தின்றாள், வாலாட்டினாள், எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதற்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள். பாலோடும் தயிரோடும் கொடுக்கக் கூடாது, மருந்து சரியாகச் சேராது. வெறும் மாத்திரையாகவும் போடக் கூடாது, தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டு மேலே தண்ணீர் குடிக்க வைத்தேன். அந்த நாலு வாரம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அளப்பேன். 2.2 ஆயிற்று, பிறகு 2.5. ராத்திரியில் எழுந்து போய் அவள் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டு வருவேன்.

பங்குனிக் கடைசியில் ஆபரேஷன். முந்தின ராத்திரியோடு சாப்பாடு நிறுத்தம். நாலாவது, ஐந்தாவது சுரப்பி இரண்டையும் தொடை இடுக்கு நெறியோடு சேர்த்து எடுத்தார்கள். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் அப்போதே எடுத்துவிட்டார்கள். "மூணு சென்டிமீட்டருக்குள்ள இருக்கறப்பவே வந்துட்டீங்க, அது பெரிய விஷயம்" என்றார் டாக்டரம்மா. எடுத்த கட்டியைக் காட்டினார்கள். ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் மாங்கொட்டை மாதிரி வெளுத்துக் கிடந்தது. அதைப் பரிசோதனைக்கு அனுப்பாமல், கட்டிதான் போய்விட்டதே என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேராம். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். அடுத்து என்ன செய்வது என்பது அந்த டப்பாவிலிருந்துதான் தெரியவரும்.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாட்டினார்கள். அதைப் போட்டுக்கொண்டு ரோசி சுவரோரம் அசையாமல் நின்றாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரருடைய பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து ஒரு சட்டை தைத்தேன். நாலு காலுக்கு நாலு ஓட்டை, முதுகில் ஐந்து முடிச்சு, மூத்திரம் படாமல் பின்பக்கம் வளைத்து வெட்டியது. மாற்றிக் கட்ட இன்னொன்று. பன்னிரண்டு நாள் அதைக் கட்டிக்கொண்டே நடந்தாள், தையல் பிரியவே இல்லை. இத்தனை வருஷத் தையலில் மனசுக்கு இவ்வளவு நிறைவு தந்த உருப்படி வேறு இல்லை.

தையல் பிரிக்கப் போன அன்று ரிப்போர்ட் வந்திருந்தது. பெரியது கார்சினோமா, முதல் கிரேடு, அதாவது வீரியம் குறைந்த வகை. புற்றுதான். சின்னது கெடுதல் இல்லாதது. வெட்டிய ஓரங்கள் சுத்தம், நெறியும் சுத்தம். கீமோ வேண்டாம், முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்தால் போதும் என்றார். புற்று என்ற சொல்லைக் கேட்டும் நான் அன்றைக்கு அழவில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொல்லும்போதுதான் இரண்டு பேரும் அழுதோம்.

இதற்கு நடுவில் எதிர்வீட்டு ஆண் நாய்க்கு அடியில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சூட்டுக் கடுப்பு என்று நீராகாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வற்புறுத்தி அனுப்பி வைத்தேன். இணைசேரும்போது நாய்க்கு நாய் தொற்றுகிற புற்றுக் கட்டி என்று சொல்லி, வாரம் ஒரு ஊசியாக ஐந்து வாரம் வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்தைப் போட்டார்கள். கட்டி முழுசாகக் கரைந்துவிட்டது. ஊசி போட்ட சில நாட்களுக்கு மட்டும் அதன் மலம், மூத்திரத்தைக் கையுறை போட்டுத்தான் அள்ள வேண்டும்.

இப்போது ஒவ்வொரு அமாவாசைக்கும் வீடு கழுவி முடித்ததும் ரோசியைப் பார்ப்பேன். தேதி மறக்காது. அக்குளிலிருந்து தொடை வரை அதே மாதிரி உருட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து ஈறு, விரலிடுக்கு, வாலுக்கு அடியில். வாயில் புது நாற்றம், ஆறாத புண், விடாத நொண்டல், காரணமில்லாத மெலிவு, இதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். எங்கள் வெள்ளைப் பூனைக்குக் காது நுனியையும் பார்க்கிறேன். வெயில் பட்டுப் பட்டு வெள்ளைப் பூனைகளுக்கு அங்கே புற்று வரும், முதலில் சாதாரணச் சொறிமாதிரிதான் இருக்குமாம். ஆறு மாதத்துக்குள் இருந்த குட்டி ஒன்று தெருவிலிருந்து வந்து சேர்ந்தது. பெண் குட்டி. போன மாதமே கருத்தடை செய்தாயிற்று.

நேற்று ஆடி அமாவாசை. ஆற்றில் தலை முழுகிவிட்டு வந்து டேப்பைக் கையில் எடுத்தேன். கூப்பிடாமலே வந்து ரோசி திண்ணையில் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டாள். எட்டுச் சுரப்பி, ஒரு நீளத் தழும்பு. விரலில் எதுவும் தட்டுப்படவில்லை. காலண்டரில் 0 என்று எழுதினேன்.