கிழக்கு தில்லி, 2001: குரங்கு மனிதன் நாட்கள்

மே 16, 2001, புதன்

இரவில் ஆட்களைத் தாக்கும் குரங்கு மனிதன் ஒருவன் திரிகிறான் என்று, தில்லியை அடுத்த காஜியாபாத் பக்கம் சில நாட்களுக்கு முன் கிளம்பிய பேச்சு இப்போது யமுனையின் இக்கரையிலுள்ள குடியிருப்புகள் எங்கும் பரவிவிட்டது. தலையில் ஹெல்மெட், விரல்களில் இரும்பு நகம், சிவந்த கண்கள் என்று சிலர் சொல்ல, உடம்பெல்லாம் கருமயிர் அடர்ந்த குரங்கேதான் என்று வேறு சிலர் அடித்துச் சொல்கிறார்கள். உயரமும் தெருவுக்குத் தெரு மாறுகிறது.

நான் செவிலியாகப் பணிபுரியும் மருத்துவகத்துக்கு இன்று காலை ஒரு சிறுவனைத் தூக்கி வந்தார்கள். அவன் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீண்ட சிராய்ப்பைக் கழுவியபோது பஞ்சில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூள் ஒட்டி வந்தது. கூச்சல் கேட்டு விழித்தவன் இருட்டில் ஓடி மாடிச் சுவரில் உராய்ந்திருக்கிறான் என்பது என் எண்ணம். ஆனால் அவன் தாயோ, நகம் பட்ட இடம் இதுதான் என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த நடுக்கத்தைப் பார்த்த யாரும் அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்கமாட்டார்கள்.

மே 18, வெள்ளி

காவல்துறை 50,000 ரூபாய் சன்மானம் அறிவித்து, கண்டதாகச் சொன்னவர்களின் விவரிப்பைக் கொண்டு படமும் வரைந்து வெளியிட்டிருக்கிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களும், அரசாங்கமே தேடுகிறதென்றால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று இன்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இதற்குள் உயிர்கள் போய்விட்டன. மின்வெட்டால் வீட்டுக்குள் படுக்க முடியாமல் மொட்டைமாடியில் உறங்கியவர்கள், "வந்துவிட்டான்" என்ற கூச்சலில் அரைத்தூக்கத்தோடு ஓடிக் கீழே விழுந்திருக்கிறார்கள். இறந்தவர்களில் ஒருவர் கர்ப்பிணி. மாடிப்படியில் உருண்டு விழுந்தவர். இந்தச் செய்தியைப் படித்த பிறகு வெகுநேரம் வேறு எதிலும் என் மனம் செல்லவில்லை.

மே 20, ஞாயிறு

தெருவில் தடியும் கையுமாக இளைஞர்கள் விடிய விடியக் காவல் நிற்கிறார்கள். அவர்களைத் தைரியசாலிகள் என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. குள்ளமாக இருந்தார் என்பதற்காக ஒரு சாதுவைக் கூட்டம் கூடி அடித்திருக்கிறது. ஒரு வேன் ஓட்டுநரும் இப்படியே அடிபட்டிருக்கிறார். குரங்கு மனிதனைத்தான் யாரும் பிடிக்கவில்லை.

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அண்ணன், உடனே புறப்பட்டு வந்துவிடு என்றார். சேரிப்பகுதியிலிருந்து கட்டுப் போட வருகிறவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது?

ஜூன் 28, வியாழன்

அப்படி ஓர் உருவமே இல்லை என்ற முடிவுக்குக் காவல்துறை வந்திருக்கிறது. தில்ஷாத் கார்டனிலுள்ள மனநல நிறுவனத்தின் மருத்துவர்களும் தடயவியல் வல்லுநர்களும் காயம்பட்டவர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். எலி முதலிய விலங்குகளின் கடி, தாமே ஏற்படுத்திக்கொண்ட கீறல், பதற்றத்தில் பட்ட அடி ஆகியவையே அந்தக் காயங்களுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன. சேரியிலிருந்து வந்த ஒரு குழந்தையின் கால் கட்டைவிரலில் நானும் எலிக்கடியைப் பார்த்துத் தடுப்பூசி போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பைத்தியக்கார ஜனங்கள் என்று இப்போது சிரிப்பவர்களில் பெரும்பாலோர் ஜெனரேட்டர் வைத்த வீடுகளில் உறங்குகிறவர்கள். எங்கள் தெருவில் பல மாடிகளுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது. வீட்டு உரிமையாளர்களைப் பார்த்து அதைக் கட்டச் சொல்லிக் கேட்பதற்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் சேர்ந்து போவதாக இருக்கிறோம்.