மோனார்க் வண்ணத்துப்பூச்சி வளர்ப்பு, மூன்றாம் ஆண்டு: 26 முட்டை, 5 பூச்சி

மார்ச் கடைசி. ஹூஸ்டனில் என் தோட்டத்து மில்க்வீட் செடிகளில் இலைக்கு அடியில் குண்டூசித் தலை அளவு முட்டைகள். நம் எருக்குக்கு உறவான செடி இது; கிள்ளினால் அதே பால். எறும்பும் சிலந்தியும் குளவியும் தின்றது போக வெளியில் மிகச் சிலதான் பூச்சியாகும் என்பதால், 26 முட்டைகளை இலையோடு கிள்ளி வலைக்கூண்டில் வைத்தேன். புண்ணியம் செய்வதாக எண்ணம்.

ஏப்ரல் இரண்டாம் வாரம். இரண்டு முட்டை பொரிக்கவில்லை. ஒரு புழு கறுத்து, தளர்ந்து, நீராய்க் கரைந்தது. அதைத் தொட்ட இலைகளையும் சேர்த்து எறிந்தேன். இன்னும் நான்கு, தலைகீழாகத் தொங்கியபடியே துவண்டுபோயின. அவற்றின் உடலிலிருந்து வெள்ளை நூல் போல ஏதோ கீழே இறங்கியிருந்தது. கூண்டின் தரையில் அரிசி அளவில் பழுப்பு நிறக் கூடுகள். டாக்கினிட் ஈயின் வேலை. புழுவின் மேல் ஈ முட்டையிட, அதன் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து, நூல் வழியே இறங்கிவிடுகின்றன. கூண்டில் வைப்பதற்கு முன்பே ஈ முந்திக்கொண்டதோ, வலையில் இருந்த கிழிசல் வழியே வந்ததோ தெரியவில்லை. கிழிசலைத் தைத்தேன்.

மீதி 19 புழுக்களும் கூடாகி, பச்சை மணிகளாகத் தொங்கின. அழகுக்குக் குறைவில்லை.

ஏப்ரல் முடிவு. வெளிவர மூன்று நாள் இருக்கும்போது சில கூடுகளில் ஒழுங்கில்லாத கறுப்புத் திட்டுகள். பூச்சி முதிரும்போது கூடு கறுக்கத்தான் செய்யும், ஆனால் இரு பக்கமும் சீராகக் கறுக்கும். இது மை கொட்டியது போல இருந்தது. எட்டுப் பூச்சிகள் கூட்டிலிருந்து முழுதாக வெளிவர முடியாமலோ, வந்தும் சிறகு சுருங்கியோ விழுந்தன.

நல்லபடியாக வந்த பதினொன்றின் வயிற்றிலும் ஒட்டுநாடாவை மெல்ல அழுத்தி எடுத்து, மகளின் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். செதில்களுக்கு நடுவே நீள்வட்டமாக, இரு முனையும் கூர்ந்த பழுப்புப் புள்ளிகள். ஆறு பூச்சிகளில் எண்ண முடியாத அளவு. ஓ.ஈ. (Ophryocystis elektroscirrha) என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒட்டுண்ணியின் வித்துகள் (ஸ்போர்கள்). தாய்ப்பூச்சி முட்டையிடும்போது அதன் வயிற்றிலிருந்து இலையிலும் முட்டையோட்டிலும் உதிர்வதைப் புழு தின்கிறது. அதன் குடலில் கிளைக்கும் ஒட்டுண்ணி, கூட்டுப்புழுப் பருவத்தில் பெருகுகிறது.

"அப்பா, இது பறக்கிறதே, இதையும் எதற்குக் கொல்ல வேண்டும்?" என்றாள் மகள். பறப்பதுதான் சிக்கல் என்றேன். அது போய் உட்காரும் செடியெல்லாம் அடுத்த புழுவுக்கு விஷம். சொல்வது எளிதாக இருந்தது. ஆறையும் காகித உறைகளில் இட்டு உறைபெட்டியில் வைத்தபின், அன்று இரவு ஐஸ் எடுக்கக்கூட நான் அதைத் திறக்கவில்லை.

ஐந்தைப் பறக்கவிட்டேன்.

மே. தேடிப் படித்தபோது உறைத்தது: டாக்கினிட் ஈ என் குற்றமல்ல, ஓ.ஈ. பெரும்பாலும் என் குற்றம். நான் வளர்ப்பது சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட். மெக்ஸிகோ வளைகுடாக் கரையோரம் குளிர்காலத்திலும் அது பட்டுப்போவதில்லை. இந்த மண்ணின் செடியோ குளிரில் மடிந்து, நோய்வித்து ஏறிய இலைகளையும் தன்னோடு கொண்டுபோய்விடும். என் செடி ஆண்டு முழுவதும் நோயைச் சேமித்துவைத்தது. வலசை போகாமல் தங்கிவிடும் பூச்சிகளுக்கும் இடம் கொடுத்தது. வலசை போகாத தென் ஃபுளோரிடாப் பூச்சிகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்நோய் உண்டு. மெக்ஸிகோவுக்குப் பறந்து போகும் கிழக்கு வட அமெரிக்கக் கூட்டத்தில் 10-க்கும் கீழே. நோயுற்றவை பாதி வழியில் விழுந்துவிடுவதால் நெடும்பயணம் கூட்டத்தைச் சலித்தெடுக்கிறது. ஒரே கூண்டில் இருபத்துச் சொச்சம் புழுக்களை அடைத்து நான் அதற்கு நேர்மாறாகச் செய்திருக்கிறேன். வளர்ப்பதானால் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது பூச்சிகளைக் காக்கும் அமெரிக்க அமைப்பான ஸெர்சஸ் சங்கம்.

கூண்டை நாலு பங்கு நீரில் ஒரு பங்கு ப்ளீச் கலந்து ஊறவைத்தேன். வெறும் சோப்பு நீருக்கு இந்த வித்துகள் அசைந்துகொடுப்பதில்லை.

அக்டோபர். வெப்பமண்டலச் செடிகளை அரையடி விட்டு வெட்டினேன். இரண்டே வாரத்தில் வெட்கமில்லாமல் துளிர்த்தன. மறுபடி வெட்டினேன். வசந்தத்தில் வேரோடு பிடுங்கிவிடுவதாகத் திட்டம்.

ஜனவரி. இந்த மண்ணுக்கே உரிய பச்சை மில்க்வீட்டின் விதைகளுக்கு முளைக்க ஈரக் குளிர் வேண்டும். ஈரக் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். டப்பாவின் மேல் மகள் எழுதியிருக்கிறாள்: "இது விதை. திறக்கலாம்."