எட்டு சென்டிமீட்டர்

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது என் வேலை. செக் நாட்டில் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருந்தபோது, ஹொலஷொவிட்செ என்ற கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டின் முகப்பு என் பங்குக்கு வந்தது.

ஊர் நடுவே நீளமாக ஒரு புல்வெளி. அதில் ஒரு குளம், 1755இல் கட்டிய சிறு வழிபாட்டுக்கூடம். சுற்றி 23 பண்ணைகள். வீட்டின் குறுகிய பக்கம்தான் புல்வெளியைப் பார்க்கும். கூரையை மறைத்து நிற்கும் அந்தச் சுவரின் உச்சியில் வளைவும் சுருளுமாகச் சுதை வேலை. சிலவற்றில் கட்டிய ஆண்டும் உண்டு. அரண்மனைகளில் பரோக் என்ற ஆடம்பரமான ஐரோப்பியக் கட்டடப் பாணி மங்கி நெடுநாள் ஆன பிறகு, 19ஆம் நூற்றாண்டில், ஊர்க் கொத்தனார்கள் அதை உழவர் வீட்டுக்கு இறக்கிவிட்டார்கள். 'உழவர் பரோக்' என்றே அங்கே சொல்கிறார்கள்.

நான் இடது பாதியை மட்டும் அளந்தேன். மழை வரும்போல இருந்தது என்று அலுவலகத்தில் சொன்னேன், உண்மையில் பசி. வலது பாதியைக் கணினியில் அப்படியே திருப்பிப் போட்டு ஒட்டிவிட்டேன். மேலதிகாரி ஒரு புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்தார். வலது சுருள் தெளிவாகவே தாழ்ந்திருந்தது. சரி, மறுபடியும் பேருந்து.

இரண்டாம் முறை நிதானமாகச் சுற்றினேன். 1520களில் கொள்ளைநோய் வந்து ஊரில் இரண்டே பேர் மிஞ்சினார்களாம். அப்போது ஊர் விஷ்ஷீ ப்ரோத் என்ற கிறித்தவத் துறவிகளின் மடத்துக்குச் சொந்தம். பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் பேசும் ஆட்களைக் கொண்டுவந்து மடம் குடியேற்றியது. 1895இல் 157 ஜெர்மானியர், 19 செக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1990களில்தான் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். 1998இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஆள் இருந்திருந்தால் ஜன்னலைப் பெரிதாக்கியிருப்பார்கள், சுவரை இடித்துக் கட்டியிருப்பார்கள். நம் வீட்டில் நாமும் அதைத்தானே செய்வோம்? அந்தச் சுருள் எனக்குக் கிடைத்ததில் துரத்தப்பட்டவர்களின் இழப்பும் கலந்திருக்கிறது. சாரத்தின் மேல் டேப்பைப் பிடித்துக்கொண்டு இதை நினைக்கச் சங்கடமாக இருந்தது.

வித்தியாசம் எட்டு சென்டிமீட்டர். வலது சுருளைக் கீழே இறக்கிப் புதுப் படம் கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க அது என் கண்ணுக்குத் தப்பாகவே தெரிந்தது.