சாம்பார் சாதமும் ஃபுட் புரோகிராம் கணக்கும்

அமெரிக்காவில் வீட்டில் டேகேர் (பிள்ளைகள் காப்பகம்) நடத்துகிறவர்களுக்குப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவைத் திருப்பித் தரும் அரசுத் திட்டம் சி.ஏ.சி.எஃப்.பி. (Child and Adult Care Food Program). பேச்சுவழக்கில் ஃபுட் புரோகிராம். நம் சமையல் அதற்கு ஒத்துவராது என்பார்கள். தாராளமாக ஒத்துவரும், இடிப்பதெல்லாம் அளவிலும் அரிசிப் பையின் லேபிளிலும்தான்.

மதியச் சாப்பாட்டில் பால், புரதம், காய், பழம், தானியம் என ஐந்தும் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அந்தச் சாப்பாட்டுக்குப் பணமே வராது. பாதிப் பணம் என்ற பேச்சு கிடையாது. காலையில் பால், பழம் அல்லது காய், தானியம் என மூன்று போதும். ஸ்நாக்குக்கு ஐந்தில் ஏதாவது இரண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு சாப்பாடும் ஒரு ஸ்நாக்கும், அல்லது ஒரு சாப்பாடும் இரண்டு ஸ்நாக்கும் க்ளெய்ம் செய்யலாம்.

சாம்பார் சாதத்தையே எடுத்துக்கொள்வோம். 3 முதல் 5 வயது வரை எட்டுப் பிள்ளைகள். ஆளுக்குப் பால் 3/4 கப், காய் 1/4 கப், பழம் 1/4 கப், புரதம் 1.5 அவுன்ஸ், தானியம் அரை அவுன்ஸ். அரை அவுன்ஸ் தானியம் என்பது வெந்த சாதத்தில் 1/4 கப். ஆக எட்டுப் பேருக்குச் சாதம் 2 கப், வெந்த காய் 2 கப், நறுக்கிய பழம் 2 கப், பால் 6 கப். இதுவரை சிக்கல் இல்லை.

பருப்பில்தான் எல்லோரும் சறுக்குவது. வெந்த பருப்பு 1/4 கப் என்றால் ஒரு அவுன்ஸ் புரதம். 1.5 அவுன்ஸுக்கு ஆளுக்கு ஆறு மேசைக்கரண்டி, எட்டுப் பேருக்கு 3 கப் கெட்டிப் பருப்பு. அதாவது சாதத்தைவிடப் பருப்பு ஒன்றரை மடங்கு! அப்படி வைத்தால் அது சாம்பார் இல்லை, கூட்டு. தண்ணீர் கணக்கில் வராது என்பதால் பருப்பையும் காயையும் புளித்தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே கப்பில் அளந்துவிட வேண்டும். சுலபமான வழி, பருப்பை 2 கப்போடு நிறுத்தி, மீதி அரை அவுன்ஸ் புரதத்துக்கு ஆளுக்கு 1/4 கப் தயிர் வைப்பது. ஒரே பருப்பைப் புரதமாகவும் காயாகவும் இரண்டு முறை எழுத முடியாது. தெளிந்த ரசத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை.

அந்தத் தயிர் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். வீட்டில் உறை ஊற்றிய தயிர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் செல்லாது. 2025 அக்டோபர் முதல் 6 அவுன்ஸ் தயிரில் சேர்த்த சர்க்கரை 12 கிராமைத் தாண்டக் கூடாது. சர்க்கரையே சேர்க்காத தயிரை வாங்கிவிட்டால் இந்தக் கவலையும் இல்லை.

அடுத்தது அரிசி. வெள்ளை அரிசிப் பையில் 'என்ரிச்டு' (enriched, சத்து சேர்த்தது) என்று எழுதியிருந்தால்தான் அது தானியமாகச் சேரும். இந்தியக் கடையில் வாங்கும் பொன்னி, சோனா மசூரி, இட்லி அரிசிப் பைகளில் பெரும்பாலும் அந்தச் சொல் இருக்காது. அந்த அரிசியில் வார்த்த இட்லியைத் தானியம் என்று எழுதினால் அன்றைய காலை உணவுக்கான பணம் வெட்டுப்படும். ரவைக்கும் இதே விதிதான். என்ரிச்டு அரிசியை நாலு தண்ணீரில் கழுவும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், மேலே பூசிய சத்து கழுவுநீரோடு போய்விடும். கைக்குத்தல் அரிசியோ முழுக் கோதுமைச் சப்பாத்தியோ என்றால் இந்தத் தொல்லையே இல்லை. நாளுக்கு ஒரு முறை முழுதானியம் தர வேண்டும் என்ற விதியும் அதிலேயே நிறைவேறிவிடும். இங்கே அவுன்ஸ் என்பது எடையல்ல, திட்டத்தின் கணக்கு அளவு: ஒரு அவுன்ஸ் தானியத்துக்கு 16 கிராம் மாவு, ஆகவே 3–5 வயதுக்கு 8 கிராம் மாவில் ஒரு குட்டிச் சப்பாத்தி போதும். முழுதானியமே இல்லாத நாளில், தானியம் வைத்த வேளைகளில் எதற்குக் குறைந்த பணமோ அது வெட்டுப்படும்.

பாலில் வயதைப் பார்க்க வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்கு முழுக் கொழுப்புப் பால். இரண்டு வயதானதும் 1% அல்லது கொழுப்பு நீக்கிய பால்; மாற்றிக்கொள்ள ஒரு மாதம் அவகாசம் உண்டு. ஆறு வயதுக்குள் சாக்லேட் பொடி, பாதாம் மிக்ஸ் எதுவும் கலக்கக் கூடாது. பாயசத்தில் ஊற்றிய பால், பால் கணக்கில் வராது.

ஸ்நாக்குக்குச் சுண்டல் அருமையான பொருள்: அரைக்கால் கப் கொண்டைக்கடலையும் அரை கப் வாழைப்பழமும் வைத்தால் 3–5 வயதுக்கு முடிந்தது. கடலையை விரலால் நசுங்கும்வரை வேகவைத்து மசித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் தொண்டையில் சிக்கும். இனிப்பு பிஸ்கட்டும் கேக்கும் தானியத்தில் சேராது. பாலும் ஜூஸும் மட்டும் கொடுத்தால் அது ஸ்நாக்கே இல்லை. ஜூஸ் நாளுக்கு ஒரு முறைதான், அதுவும் 100% பழச்சாறு. எண்ணெயில் முக்கிப் பொரிப்பதை டேகேர் சமையலில் செய்யக் கூடாது, ஆகவே பூரியும் வடையும் உங்கள் வீட்டு விருந்துக்கு.

பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தால் பணம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். முழு அளவும் வைக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி, வயிற்றுக்குள் போனதா என்பதில்லை. காலையில் மெனுவில் ஆப்பிள் என்று எழுதி மதியம் வாழைப்பழம் கொடுத்திருந்தால் அன்றைக்கே மெனுவைத் திருத்துங்கள். சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையையும் அன்றன்றே குறித்துவிடுங்கள். வார இறுதியில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிய தாளை, சோதனைக்கு வருபவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.