டிக்கோயாவில் ராஜாவுக்காக ஒரு ஜெபம்

என் பெரியம்மாவுக்கு வயது 78. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அட்டனிலிருந்து நோர்வூட்டுக்குப் போகிற பேருந்தில் எத்தனையோ முறை பயணம் செய்து, டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையில் நிற்கிற வார்லி கிறிஸ்து ஆலயத்தை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாரே தவிர, ஒருநாளும் உள்ளே போய் அமர்ந்து ஜெபித்ததில்லை. "அது தொரைமாரு கோயிலு" என்று சிறுவயதில் யாரோ சொன்ன சொல் அவருடைய கால்களைத் தடுத்து வைத்திருந்தது. கிறிஸ்மசுக்கு முன் வருகிற திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, "இந்த வருசமாவது என்னய அங்க கூட்டிக்கிட்டுப் போ தம்பி" என்று அவர் கேட்டபோது மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

1878ஆம் ஆண்டின் ஆலயம் அது. கோப்பிச் செடிகளை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த, தேயிலை மெல்ல மெல்ல மலையேறிக்கொண்டிருந்த காலம். கருங்கற் சுவர்களுக்கு வெளியே தோட்டத்துரைமாரின் கல்லறைகள் இருக்கின்றன. நான் குனிந்து வாசித்த கற்களிலெல்லாம் ஆங்கிலப் பெயர்களே இருந்தன. உள்ளே நுழைந்ததும் பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வண்ணக் கண்ணாடியின் வழியே விழுந்த வெளிச்சம் தரையில் படிந்திருந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப்போய், கடைசி வாங்கில் அமர்ந்தார்.

திருவருகைக் காலத்தில் திருச்சபை வாசிக்கிற 72ஆம் சங்கீதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "தேவனே, ராஜாவுக்கு உம்முடைய நியாயத்தீர்ப்புகளையும், ராஜாவின் குமாரனுக்கு உம்முடைய நீதியையும் கொடுத்தருளும்" என்று அது தொடங்குகிறது. ஓர் அரசனுக்காக மக்கள் ஜெபிக்கும்போது நீண்ட ஆயுளையும் வெற்றியையும் செல்வத்தையும் முதலில் கேட்பதுதான் உலக வழக்கம். இந்தச் சங்கீதமும் அவற்றைக் கேட்காமல் விடவில்லை. ஆனால் அவையெல்லாம் பின்னால்தான் வருகின்றன. முதலில் கேட்கப்படுவது நீதி. அந்த நீதியும் அரசனிடம் இயல்பாக ஊறுவது அல்ல, தேவனிடமிருந்து அவன் இரவலாகப் பெற வேண்டியது. சமுத்திரம் தொடங்கிச் சமுத்திரம் வரை அவன் ஆளுவான், தர்ஷீசின் ராஜாக்களும் சேபாவின் ராஜாக்களும் காணிக்கை கொண்டுவருவார்கள் என்று பாடிவிட்டு, 12ஆம் வசனத்தில் அதற்கான காரணத்தையும் சங்கீதக்காரன் சொல்கிறான்: கூப்பிடுகிற எளியவனை அவன் விடுவிப்பதால்தான். அவனுடைய படைபலத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. எளியவர்களின் இரத்தம் அவன் பார்வைக்கு அருமையாயிருக்கும் என்கிற வசனத்தை வாசித்தபோது பெரியம்மா கண்களை மூடிக்கொண்டார்.

பிறகு, தாவீதின் கடைசி வார்த்தைகளைத் திருப்பினேன். நம்முடைய பழைய மொழிபெயர்ப்பில் 2 சாமுவேல் 23ஆம் அதிகாரம், நீதிபரராய் மனுஷரை ஆண்டு, "தெய்வபயமாய்த் துரைத்தனம்" பண்ணுகிறவர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. மந்தாரமில்லாமல் உதிக்கிற விடியற்கால வெளிச்சத்தைப் போலவும், மழைக்குப் பின் புல்லை முளைப்பிக்கிற வெயிலைப் போலவும் அவர் இருப்பாராம். துரைத்தனம் என்ற சொல் மற்ற ஊர்த் தமிழர்களின் காதில் வெறுமனே ஆட்சி என்றுதான் விழும். எங்களுக்கு அப்படி விழாது. எங்கள் மலைகளில் துரை என்பவர் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வருகிறவர், வேலை கொடுக்கிறவர், வேலையை நிறுத்துகிறவர்.

பெரியம்மா நிறுவையை நினைத்துக்கொண்டார். அவர் வேலை செய்த தோட்டம் ஒன்றில், கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்களாம்; மழை நாளென்றால் ஈரத்துக்கென்று இன்னும் ஒரு கிலோ. "நனைஞ்சது நாங்க, தம்பி. கழிச்சதும் எங்களுக்குத்தான்" என்றார். அந்தச் சொற்களைக் கேட்டபோது எரேமியா 22ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அயலானிடம் வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடாமல், கேதுருப் பலகைகள் பதித்த விசாலமான மேலறைகளைக் கட்டிக்கொள்கிறவனுக்கு ஐயோ என்று யோயாக்கீம் அரசனை நோக்கித் தீர்க்கதரிசி முழங்குகிறார். அவனுடைய தகப்பனாகிய யோசியாவோ ஏழை எளியவர்களின் நியாயத்தை விசாரித்தான். தேவனை அறிவது என்பது அதுதான் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது. நான் பலமுறை வாசித்த இடம்தான். ஆனால் அந்தக் கழிக்கப்பட்ட கிலோவோடு சேர்த்து அன்றுதான் அதை வாசித்தேன்.

72ஆம் சங்கீதத்தின் தலைப்பில் சாலொமோனின் பெயர் இருக்கிறது. அந்தச் சாலொமோனின் ஆட்சி முடிந்தபோதே ஜனங்கள் அவருடைய மகன் ரெகொபெயாமிடம் வந்து, உம்முடைய தகப்பன் எங்கள்மேல் வைத்த பாரமான நுகத்தை இலகுவாக்கும் என்று மன்றாட வேண்டியிருந்தது. அவன் செவிகொடுக்கவில்லை, ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. ஜெபத்துக்கு அந்த அரசன் ஈடாகவில்லை. ஆனாலும் அந்த ஜனம் ஜெபத்தைக் கிழித்தெறியவில்லை. அரசர்கள் மாறினார்கள், எருசலேம் விழுந்தது, பாபிலோன் சிறையிருப்பு வந்து போனது. அப்போதும் ஆலயத்திலும் வீட்டிலும் அதே சங்கீதத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள். தாவீதின் தகப்பனாகிய ஈசாயின் அடிமரத்திலிருந்து துளிர்க்கும் கிளையென்று ஏசாயா சொன்னவரை அவர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தது இப்படித்தான். அவர் இயேசுவே என்று நாங்கள் விசுவாசிக்கிறோம். அவருடைய அரசு முழுமையாக வரும்படி இன்னும் காத்திருக்கிறோம்.

காத்திருப்பு என்றால் என்னவென்று பெரியம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்துத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியபோது அவர் கைக்குழந்தை. 1964இல் இரண்டு நாடுகளின் பிரதமர்கள் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டபோது, அந்த எண்ணிக்கைக்குள் இருந்த யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. அவருடைய அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறினார். பெரியம்மாவோ நாடற்றவராகவே இங்கே தங்கி, 2003இன் சட்டம் வந்த பிறகுதான் இந்நாட்டுப் பிரஜையானார். அவர் அன்று ஆலயத்தில் வாய்விட்டு ஜெபித்தார். நாட்டை ஆளுகிறவர்களுக்காகவும், தோட்டத்தை நடத்துகிறவர்களுக்காகவும், "நிறுக்குற கைக்கு ஒம்ம பயத்தக் குடும் ஆண்டவரே" என்றும் கேட்டார். அந்தக் கடைசி வரிக்கு என்னால் உடனே ஆமென் சொல்ல முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

வெளியே வந்து பேருந்துக்காகத் தெருவோரத்தில் நின்றோம். எதிரே கவ்வாத்து வெட்டிய மலை. இலை என்று சொல்ல ஒன்றுமில்லாமல், சரிவாக வெட்டுப்பட்ட கொப்புகளோடு, வரிசை வரிசையாக மொட்டைச் செடிகள் நின்றன. வெட்டிய இடங்களில் மரம் வெளுப்பாகத் தெரிந்தது. பெரியம்மா ஓரத்துச் செடியருகே போய் ஒரு வெட்டுவாயைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அந்நேரம் மெல்லிய தூறல் விழுந்தது. குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தேன்; அவர் அதை வேதாகமத்தின் பக்கமாக நகர்த்திவிட்டார்.

"அந்த மழ வசனத்த இன்னொருக்கா வாசி, தம்பி."

"புல்லறுப்புண்ட வெளியின்மேல் பெய்யும் மழையைப்போலவும், பூமியை நனைக்கும் தூறலைப்போலவும் இறங்குவார்" என்று 72ஆம் சங்கீதத்திலிருந்து வாசித்தேன். பேருந்து வரும்வரை அவர் அந்தச் செடியிலிருந்து கையை எடுக்கவில்லை.