சுவர் மூச்சு விட்ட ராத்திரி

மலேசியாவின் சுங்கை சிப்புட், எங்கள் தோட்டத்து லயம். போன மாதம் மழை விட்ட ஒரு சாயங்காலம். பக்கத்து வீட்டு அக்காவின் மகன், வயது 19, செம்பனைக் காட்டில் மாட்டுச் சாணத்தில் முளைத்த காளானைத் தின்றுவிட்டு, "அண்ணே, சுவர் மூச்சு விடுது" என்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

ஒருவர் வேப்பிலை தேடினார். இன்னொருவர், ரெண்டு அறை விட்டால் தெளியும் என்றார். (தினமும் சம்சு அடித்துவிட்டு வாய்க்காலில் விழுபவர் இவர்.)

கூட்டத்தை அனுப்பினேன். விளக்கை அணைத்துவிட்டுப் பாயில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இது காளான் செய்யிற வேலை, இறங்கிடும், நான் எங்கேயும் போகல." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் பார்த்ததை மறுத்துப் பேசவில்லை. துண்டின் நுனியை விரலில் சுற்றுவான், அவிழ்ப்பான். பத்து மணி வாக்கில், "ம்மா, பசிக்குது."

மனநலத்துக்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறானா என்று அக்காவிடம் முதலிலேயே கேட்டிருந்தேன். அதுவும் இந்தக் காளானும் சேர்ந்தால் வலிப்பு வரலாம். காட்டுக் காளானில் விஷக் காளானும் உண்டு, அதனால் ஆஸ்பத்திரிக்கே போகலாம் என்றேன். போலீஸ் பயம், யாரும் அசையவில்லை. 1952 போதைப்பொருள் சட்டம் அப்படி.

ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், மற்ற சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு இதே காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற பொருளை அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் தரலாம். நம் நாடும் 2006இலேயே போதை ஊசி போடுபவர்களுக்குப் பழைய ஊசியை வாங்கிப் புது ஊசி தரும் திட்டம் தொடங்கிய நாடுதானே?

மறுவாரம் பையனே மனநல உதவி எண் 15555க்குப் போன் அடித்தான். அப்பா செத்ததைப் பற்றித்தான் பேசினானாம்.