வால்பாறை மழையில் தவளைக் கணக்கு

ஜூன் 21
ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும்போது இருட்டிவிட்டது. பொள்ளாச்சியில் தூறல், இங்கே கொட்டுகிறது. எங்களுக்கு வேண்டியதும் இதுதான், மழை பிடித்தால்தானே தவளை வாயைத் திறக்கும்.

ஜூன் 23
ராத்திரி ஓடையோரமாக நடை. முன்னால் வேட்டைத் தடுப்புக் காவலர், யானை வாடை அடித்தால் கையை நீட்டி எல்லோரையும் நிறுத்திவிடுவார். அட்டைக்கு மூக்குப்பொடி தேய்த்தும் ரத்தம் நிற்கவில்லை. ஒரு புதர்த்தவளை காதுக்குப் பக்கத்திலேயே 'டிக் டிக்' என்கிறது, டார்ச் அடித்தால் நிறுத்திக்கொள்கிறது. சரி என்று விளக்கை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று சத்தம் வரும் திசைக்குக் கை நீட்டி, இரண்டு கையும் காட்டுகிற இடத்தில் தேடினோம். ஏலக்காய் இலைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது. வெர்னியர் அளவுகோலில் 21 மி.மீ., அவ்வளவு சின்ன உடம்புக்குக் கோலிக்குண்டு போல உப்பிய தொண்டை.

ஜூன் 24
சோலைக்குள் ஐந்துக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, ஓரத்திலிருந்து உள்ளே சருகைக் கையால் புரட்டினோம். வெந்த ஜவ்வரிசி மாதிரி கொஞ்சம் முட்டை. லென்ஸில் பார்த்தால் உள்ளே தலைப்பிரட்டை இல்லை, கைகால் முளைத்த குட்டித் தவளையே அசைகிறது! இவற்றுக்குக் குளம் குட்டை வேண்டாம், ஈரச் சருகு போதும். அந்தச் சருகைக் கூட்டிப் பெருக்கினால் ஒரு தலைமுறையே போச்சு என்று நினைக்கும்போது பதறுகிறது. ஆனைமலைப் பறக்கும் தவளை வேறு ரகம், தண்ணீருக்கு மேலே நுரைக்கூடு கட்டும். அது புது இனம் என்று 2000-இல் அறிவியலுக்குத் தெரிந்ததே இங்குள்ள ஆண்டிப்பாறைச் சோலையிலிருந்துதான்.

ஜூன் 25
பகல் முழுக்க எழுத்து வேலை. கணக்கில் ஏறியவை அரணை இரண்டு, பறக்கும் ஓணான் ஒன்று.

ஜூன் 27
விடிகாலை எஸ்டேட் ரோட்டில் கேடயவால் பாம்பு மூன்று நசுங்கிக் கிடந்தன. மழைக்கு மண்ணைவிட்டு வெளியே வந்தவை. நான்காவது உயிரோடு இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, ரெண்டு தலைங்களா இதுக்கு?" என்றார் ஜீப் ஓட்டும் அண்ணன்.

கையில் எடுத்துக் காட்டினேன். கூர்மையானது தலை. சீவிவிட்ட மாதிரி இருப்பது வால், அந்தச் சொரசொரப்பில் மண் அப்பியிருந்தது. விஷம் கிடையாது, மண்புழுதான் சாப்பாடு, முட்டை இடாமல் குட்டி போடும். வெயில் பட்டதும் கறுப்பு உடம்பு நீலமாக மின்னியது. ஓரத்துச் சருகில் விட்டதும் தலையை நுழைத்து மறைந்துவிட்டது.

அப்புறம் திரும்பி வரும்போது அண்ணன் ஈரமான வளைவுகளில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டே எடுத்தார்.